செக் திரும்பியது, நோட்டீஸும் திரும்பிவிட்டது: நாட்களை எப்படி எண்ணுவது?

வணக்கம். ஊர் மதுரை. நைட்டி தைத்த கூலிக்கு வந்த 1,80,000 ரூபாய் செக், ஜூன் 20 அன்று கணக்கில் பணமில்லை என்று திரும்பியது. போன் செய்தேன், வீட்டுக்கும் போனேன், ஆளைப் பிடிக்க முடியவில்லை. போலீஸில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (Negotiable Instruments Act) 138-வது பிரிவுப்படி செக் திரும்பினால் மட்டும் குற்றமாகாது. 30 நாளுக்குள் பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்து 15 நாளில் பணம் தராவிட்டால்தான் குற்றம். அப்புறம் ஒரு மாதத்துக்குள் வழக்கு. ஜூலை 5 பதிவுத் தபாலில் அனுப்பினேன். முகவரி சரிதான். ஜூலை 16 உறை திரும்பிவிட்டது. மேலே சிவப்பு மையில் ‘கதவு பூட்டு, தகவல் தரப்பட்டது, ஜூலை 8’. என்னிடம் தைக்கும் பெண்களுக்குக் கூலி பாக்கி நிற்கிறது, கெடுவைத் தவறவிட முடியாது.

அந்த 15 நாளை ஜூலை 8-லிருந்து எண்ணுவதா, 16-லிருந்தா?