மறு: ‘கைநேய மட்டை’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம். ஆடுபவரின் கையை நோகவிடாத டென்னிஸ் மட்டையை ஆங்கிலத்தில் ‘ஆர்ம்-ஃப்ரெண்ட்லி’ என்கிறார்கள்; அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதே பேச்சு. ஒருவர் எழுதியது:

> ‘பயனர்நேயம்’ வழக்கில் வந்துவிட்டது. அதே தடத்தில் ‘கைநேய மட்டை’ என்று வைத்துக்கொண்டால் என்ன?

எனக்கு ஒப்பவில்லை. ஆங்கிலத்தில் ‘ஃப்ரெண்ட்லி’ என்ற ஒட்டைக் கண்ட இடமெல்லாம் ‘நேய’ என்று போட்டுவிடுகிறோம். மட்டைக்குக் கையின்மேல் என்ன நேயம்? மட்டை உதைக்கிறதா, இல்லையா என்பதுதான் ஆடுபவரின் கேள்வி.

பட்டவன் என்பதால் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டிய வயதில், “இலேசான மட்டை, கைக்கு நல்லது” என்று ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி 270 கிராம் மட்டை வாங்கினேன். விறைப்பான சட்டம். அதில் பாலியஸ்டர் தந்தியை 58 பவுண்டில் இழுத்துக் கட்டச் சொன்னது என் சொந்தப் புத்தி. மூன்றாம் மாதம் காப்பி ஆற்ற டம்ளரை உயர்த்தினேன். முழங்கையின் வெளிப்புறத்தில் சுரீரென்று பிடித்தது. காப்பியில் பாதி தரைக்குப் போயிற்று. 2004இல் சச்சின் டெண்டுல்கருக்கு வந்ததே, அந்த டென்னிஸ் முழங்கைதான்.

பந்து மோதும் வேகத்தை மட்டையின் கனம் வாங்கிக்கொள்ள வேண்டும். மட்டை இலேசாக இருந்தால் அந்தப் பங்கைக் கை வாங்குகிறது. பிறகு, தந்தி கட்டும் பெரியவர் ஒருவர் 305 கிராம் மட்டையொன்றை நீட்டி, “இது கையில் உதைக்காது, ஆடிப் பாருங்கள்” என்றார். அவர் வாயில் வந்த சொல்லைப் பாருங்கள்: உதைப்பு. துப்பாக்கிக்கு நாம் சொல்வதும் அதுதான்.

‘அதிர்வடக்கி மட்டை’ என்று இன்னொருவர் தந்த முன்மொழிவும் இதனாலேயே தவறு. தந்திகளுக்கிடையே செருகும் ரப்பர் துண்டு ‘டங்’ என்ற ஓசையை ‘டொப்’ ஆக்கும். சட்டத்தின் அதிர்வு அதனால் குறைவதில்லை. முழங்கைக்கு வரும் உதைப்பும் அப்படியே இருக்கும். ஓசை அடங்கியதும் வலியும் அடங்கும் என்று நினைத்து நான் ஒன்றுக்கு இரண்டாகச் செருகி ஆடியவன்.

என் முன்மொழிவு: கைநோகா மட்டை. வாடாமலர் போல எதிர்மறைப் பெயரெச்சம்; விளக்கம் கேட்காமலே எவருக்கும் புரியும்.

(‘மட்டை’ கிரிக்கெட்டுக்கு உரியது என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘ராக்கெட்’ என்று எழுதினால் ஸ்ரீஹரிகோட்டா நினைவுக்கு வருகிறதே, ஐயா.)

---

> என் முன்மொழிவு: கைநோகா மட்டை.

அழகான சொல், ஆனால் வாக்குறுதி பெரிது. எந்த மட்டையும் தவறாக அடித்தால் நோகத்தான் செய்யும். மேலும் இது கூடுதல் குறைவு உள்ள பண்பு. சட்டத்தின் விறைப்பை ‘ஆர்.ஏ.’ என்ற எண்ணால் குறிக்கிறார்கள். 60ஐ ஒட்டியும் அதற்குக் கீழும் இருந்தால் கைக்குச் சுகம், 70ஐ நெருங்கினால் எச்சரிக்கை என்பது பொதுக் கணிப்பு. 2019இல் வந்த வில்சன் கிளாஷ் மட்டையின் எண் 55ஐ ஒட்டியது. ‘இது அதைவிடக் கைநோகா’ என்று எப்படி ஒப்பிடுவது?

இன்னொன்று, இந்தப் பண்பு மட்டைக்கு மட்டும் உரியதன்று. நடுத்தர நிலையைத் தாண்டியவர்கள் முழு வீச்சில் அடிக்கிறார்கள், பந்தைச் சுழற்ற பாலியஸ்டர் கட்டுகிறார்கள். தொழில்முறை ஆட்டக்காரர் ஆட்டத்துக்கு ஆட்டம் தந்தி மாற்றுகிறார். நாமோ அறும்வரை விடுவதில்லை. பாலியஸ்டர் அறுவதற்கு வெகு முன்பே துள்ளல் போய்ச் செத்துவிடும். அதே மட்டையில் பல மெல்லிழைகள் சேர்ந்த பல்லிழைத் தந்தியையோ மாட்டுக்குடல் தந்தியையோ 50 பவுண்டில் கட்டினால் வேறு மட்டை போல இருக்கும். ஆகவே மட்டை, தந்தி, கட்டும் இறுக்கம் மூன்றுக்கும் பொருந்தும் பண்புப்பெயர் வேண்டும்: கைக்கிதம். கைக்கிதமான மட்டை, கைக்கிதமான தந்தி, கைக்கிதம் குறைந்த கட்டு.

தந்தியை ‘நரம்பு’ என்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ‘நரம்பின் இறுக்கத்தைத் தளர்த்தினால் கைவலி குறையும்’ என்பது மருத்துவர் எழுதிய சீட்டுப்போல் இருக்கிறது. தந்திச் சேவைதான் 2013இல் நின்றுவிட்டதே, சொல் சும்மாதானே கிடக்கிறது!

---

> கைக்கிதம்

‘இதம்’ வடசொல் என்று யாராவது எழுதுமுன் நானே சொல்லிவிடுகிறேன்: ஆம், வடசொல்தான். வெந்நீர் ஒத்தடத்தை இதமாக இருக்கிறது என்று என் பாட்டி சொன்னதும் அதே சொல்தான். மாற்றுச் சொல் இருந்தால் தாருங்கள். ‘கைநலம்பேண்’ என்பது போன்றவை வேண்டாம், மன்றாடிக் கேட்கிறேன்.

‘கைக்கிதம்’ தந்த அம்மையார் சொல்வது சரி. என் ‘கைநோகா’வைத் திரும்பப் பெறுகிறேன். ‘உதைப்பு’ மட்டும் பட்டியலில் நிற்கட்டும்.

அடுத்துச் சொல் தேட வேண்டியது, மட்டையை வீசும்போது உணரும் கனம்; ஆங்கிலத்தில் ‘ஸ்விங்வெயிட்’. பாடநூல்படி இது நிலைமத் திருப்புத்திறன், இலங்கையில் சடத்துவத் திருப்பம். ஆடுகளத்தில் இரண்டையும் எவரும் சொல்லப்போவதில்லை. ‘வீச்செடை’ என்று ஒரு நண்பர் தந்தார். தராசில் நிற்பது எடை, கையில் தெரிவது கனம். 300 கிராம் மட்டைகள் இரண்டில் ஒன்று தலைப்பக்கம் கனத்தால், தராசுக்கு இரண்டும் ஒன்றே, வீசும் கைக்கு ஒன்றல்ல. ஆகவே வீச்சுக்கனம். இதற்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன். மறுப்புகளை அங்கே எழுதுங்கள், இங்கே கலக்க வேண்டாம்.