ஏ.டி.ஹெச்.டி உள்ள 15 வயது மகன் "நான் இல்லாட்டி நிம்மதியா இருப்பீங்க" என்கிறான். நேராகக் கேட்கலாமா?

திருச்சி அம்மா:
மகன் பத்தாம் வகுப்பு. சின்ன வயதிலேயே ஏ.டி.ஹெச்.டி (கவனம் நிற்காமை, அதீதத் துறுதுறுப்பு) என்று சொல்லிவிட்டார்கள், படிக்க எழுதத் தடுமாறும் டிஸ்லெக்ஸியாவும் உண்டு. ஏ.டி.ஹெச்.டிக்கு மீதைல்ஃபெனிடேட் மாத்திரை எடுத்து வந்தான். சாப்பாடே இறங்கவில்லை என்பதால் போன மாதம் டாக்டர் அடோமாக்ஸெட்டின் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றினார்.

கணக்குப் பரீட்சை மதிப்பெண்ணை வகுப்பில் எல்லோர் முன்னாலும் வாசித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அவனுடைய அப்பா ஃபோனைப் பிடுங்கினார். கத்தினான், கதவை அறைந்தான், "நான் இல்லாட்டி எல்லாரும் நிம்மதியா இருப்பீங்க" என்றான். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து தோசை கேட்டான். "தோசை கேட்கிறவன் எங்கடி சாகப் போறான்" என்கிறார் இவர். முன்பும் இப்படிச் சொல்லியிருக்கிறான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. நானே வாயைத் திறந்து கேட்டால், அவன் மனசில் இல்லாததை நானே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?

வைகைக்கரை:
பயப்படாதீங்க மேடம். இந்த வயசுப் பசங்க எல்லாம் இப்படித்தான் டயலாக் பேசும். ஒரு மாசம் ஃபோனைக் கொடுக்காதீங்க, சரியாயிடும்.

மதுரை அப்பா:
வைகைக்கரை சார், எங்கள் வீட்டில் டயலாக்கே கிடையாது. மகளுக்கு ஆட்டிசம், 16 வயது. "எப்படிம்மா இருக்கே?" என்றால் எப்போதும் "நல்லா இருக்கேன்" தான். முகத்திலும் ஒன்றும் தெரியாது. அவளுக்கு ரயில் அட்டவணை என்றால் உயிர். எந்த வண்டி திண்டுக்கல்லுக்கு எத்தனை மணி என்று நோட்டு நோட்டாக எழுதி வைப்பாள். அதைத் தொடுவதையே விட்டுவிட்டாள். ராத்திரியில் விழித்துக் கிடந்தாள். அதை வைத்துத்தான் டாக்டரிடம் கூட்டிப் போனோம்.

அவர் சுற்றி வளைக்காமல், "செத்துப் போகணும்னு தோணுதாம்மா? எப்போ தோணுது?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் அமைதியாக, "ஆமா. செவ்வாய், வியாழன்" என்றாள். அந்த இரண்டு நாளும் பி.டி வகுப்பு. அங்கே நான்கைந்து பேர் சேர்ந்து அவளைக் கேலி செய்து வந்திருக்கிறார்கள். நாங்கள் யாரும் அப்படிக் கேட்கவில்லை, அதனால் அவளும் சொல்லவில்லை. கேளுங்கள் அக்கா.

மனநல ஆலோசகர், கோவை:
திருச்சி அம்மா, முதலில் மாத்திரை விஷயம். அடோமாக்ஸெட்டின் எடுக்கும் சில பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே கடுமையான எச்சரிக்கை போட்டது. தொடங்கிய முதல் சில மாதங்களில்தான் அதிகம் கவனிக்க வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள், அவன் சொன்னதை அப்படியே இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. இதைப் பல ஆய்வுகள் பார்த்துவிட்டன. பல பிள்ளைகளுக்கு அப்பாடா என்றுதான் இருக்கும். சண்டைக்கு நடுவில் வேண்டாம். வண்டியில் போகும்போது, முகத்தைப் பார்க்காமல் பேசுகிற நேரம் நல்லது. "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?" என்றே கேளுங்கள். ஆமாம் என்றால் அறிவுரை வேண்டாம். "என் தலையில் அடிச்சு சத்தியம் பண்ணு" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டான். எப்படி, எப்போது என்று திட்டம் ஏதும் இருந்தால் தனியே விடாமல் உடனே மருத்துவமனை.

தோசை கேட்டான் என்பதில் நிம்மதி அடைய வேண்டாம். ஏ.டி.ஹெச்.டி பிள்ளைகளுக்குக் கோபமும் துக்கமும் பால் பொங்குகிற மாதிரி ஏறும், அதே வேகத்தில் இறங்கும். ஆபத்து அந்தச் சில நிமிடங்களில்தான். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், தாத்தாவின் பிரஷர் மாத்திரை உட்பட, பூட்டி வையுங்கள். அவனுடைய மாத்திரையை நீங்களே அன்றன்றைக்கு எடுத்துக் கொடுங்கள்.

ஏ.டி.ஹெச்.டி, ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பது நிஜம். டென்மார்க்கில் 1995 முதல் 2016 வரையிலான பதிவேடுகளை வைத்து 2021ல் ஓர் ஆய்வு வந்தது. ஆட்டிசம் உள்ளவர்களிடம் தற்கொலை முயற்சியும் தற்கொலையும் மற்றவர்களைவிட 3 மடங்குக்கும் மேல். கேலி, தனிமை, நாள் முழுக்க மற்றவர்களைப் போல நடிக்கிற களைப்பு எல்லாம் இதில் சேரும்.

ராத்திரி எந்நேரமும் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழில் பேசலாம், இலவசம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாத பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். 2017 மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கிறது, தண்டிக்கக் கூடாது என்கிறது.

டிஸ்லெக்ஸியா 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் வருகிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், எழுதித் தர ஆள் எல்லாம் கேட்கலாம். விண்ணப்பித்தீர்களா?

திருச்சி அம்மா:
டியூஷனிலிருந்து வரும்போது ஸ்கூட்டியில் கேட்டேன். "அப்பப்ப தோணும். எப்படின்னு எல்லாம் யோசிக்கலை" என்றான். அப்புறம் "அப்பாகிட்ட சொல்லாதே" என்றான். சொல்லாமல் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டேன், கோபித்துக்கொண்டான். டாக்டரிடம் ஃபோனில் பேசியாச்சு, நாளை காலையே வரச் சொன்னார். இவரும் வருகிறார்.

பரீட்சைச் சலுகைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. யாரிடம் கேட்பது?

மனநல ஆலோசகர், கோவை:
தலைமை ஆசிரியரிடம். மருத்துவச் சான்று கேட்பார்கள், நாளைக்குப் போகும்போதே டாக்டரிடம் அதையும் பேசிவிடுங்கள். மதிப்பெண்ணை வகுப்பில் வாசித்ததையும் தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள்.