பதினைந்து லட்சம் சி.டி.சி.: மாதம் கைக்கு வருவது எவ்வளவு?

இளவேனில்: சென்னையில் என் தம்பிக்கு ஆண்டுக்கு 15 லட்சம் சி.டி.சி. (ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்று ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 1,25,000 ரூபாய் வரும் என்று நம்பி, 35,000 ரூபாய் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறான். புதிய வரி முறையில் (2025-26) கைக்கு எவ்வளவு வரும்?

சேதுராமன்: 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள், மாதம் ஒரு லட்சம். பல ஆண்டுகளாக நான் சொல்லிவரும் கணக்கு இதுதான், பெரிதாகத் தவறியதில்லை.

நாச்சியார்: ஐயா, விழுக்காட்டை வைத்து வாடகையை முடிவுசெய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அடிப்படைச் சம்பளம் 7,50,000 என்று கொண்டால், நிறுவனம் செலுத்தும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 90,000 ரூபாயும், பணிக்கொடைக்கான 36,075 ரூபாயும் சி.டி.சி.க்குள்ளேயே அடங்கிவிடுவதால், மொத்தச் சம்பளம் 13,73,925தான். நிலையான கழிவு 75,000 போக 12,98,925க்கு, செஸ் (வரியின் மேல் விழும் கூடுதல் வரி) உட்பட வரி 77,832. தம்பியின் பங்கு பி.எஃப். 90,000, தொழில் வரி 2,500 ஆகியவற்றையும் கழித்தால் மாதம் 1,00,300 ரூபாய்.

சேதுராமன்: இவ்வளவு கூட்டிக் கழித்தும் என் கணக்குக்குத்தானே வந்து சேர்ந்தீர்கள்?

நாச்சியார்: இந்த ஒரு அமைப்புக்குப் பொருந்தியது, அவ்வளவுதான். அதே 15 லட்சத்தில், பி.எஃப்.ஐ 15,000 ரூபாய் மாதச் சம்பளம் என்ற உச்சவரம்புக்கு மட்டும், அதாவது மாதம் 1,800 ரூபாய் என்று பிடிக்கும் நிறுவனமாக இருந்தால், கைக்கு 1,10,800 ரூபாய் வரும்.

மாறன்: சம்பளக்காரருக்கு 12,75,000 வரை வரி இல்லையே? அதற்கு மேற்பட்ட 98,925க்கு மட்டும் 15 விழுக்காடு போட்டால் போதாதா?

நாச்சியார்: போதாது. பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். நிலையான கழிவு போக 12 லட்சம் வரை கிடைப்பது தள்ளுபடி. வரம்பைச் சற்றே தாண்டியவருக்கு மார்ஜினல் ரிலீஃப் (வரம்பைத் தாண்டிய தொகையைவிட வரி மிகாமல் பார்த்துக்கொள்ளும் சலுகை) உண்டு, அதற்கும் மேலே போனவருக்கு 4 லட்சத்திலிருந்தே அடுக்கு வரி விழும்.

சேதுராமன்: வரிக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் கைக்குக் கூடுதலாக வரும் அந்த 10,500 ரூபாயை வருமானமாகக் காட்டுவதை ஏற்க மாட்டேன். அதற்கு ஈடாக அவர் பி.எஃப். கணக்கில் ஆண்டுக்கு 1,36,800 ரூபாய் குறைகிறது. வரியும் 10,671 ரூபாய் கூடுகிறது. அவர் எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும் ஒரு லட்சத்துக்குள் வாழப் பழகட்டும்.

நாச்சியார்: சேமிப்பைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் சி.டி.சி.க்குள் ஊக்கத்தொகை இருந்தால் அந்த ஒரு லட்சமும் வராது. இளவேனில், கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள அட்டவணையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இளவேனில்: பார்த்தேன். ஊக்கத்தொகையாக 'வேரியபிள் பே 1,50,000, மார்ச் மாதத்தில்' என்று இருக்கிறது. அடிப்படைச் சம்பளமும் பி.எஃப்.பும் நீங்கள் முதலில் சொன்ன அளவுதான்.

நாச்சியார்: அப்படியானால் மாதம் 94,285 ரூபாய். ஊக்கத்தொகையைக் கழித்தால் வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் நின்றுவிடுவதால், அதை முன்கூட்டியே கணக்கில் சேர்க்காத நிறுவனம் மாதந்தோறும் வரி பிடிக்காது. மார்ச்சில் 77,832 ரூபாயையும் மொத்தமாகப் பிடித்துக்கொண்டு 72,168 ரூபாயைத்தான் கொடுக்கும். முன்கூட்டியே சேர்த்தால் மாதம் 87,800 ரூபாய்.

சேதுராமன்: இதற்கு என் 80 விழுக்காடு பொருந்தவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இளவேனில், 35,000 ரூபாய் வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட வேண்டாம் என்று தம்பியிடம் இன்றே சொல்லுங்கள்.