தலைப்புப் பட்டையைக் கழற்றிவிட்டேன், இப்போது தேடல் பெட்டியில் கிளிக் விழவில்லை (குறிப்பு செயலி, எலக்ட்ரான்)

அரைக்குறிப்பு:

எனக்கென்று ஒரு குறிப்பு செயலியை எலக்ட்ரானில் (இணையப் பக்கம் எழுதுவதுபோலவே கணினிச் செயலி எழுத உதவும் கருவி) செய்து வருகிறேன். இடப்பக்கம் கோப்புறைகள், நடுவில் குறிப்புப் பட்டியல், வலப்பக்கம் எழுதும் இடம். வழக்கமான மூன்று பலகம்தான். மேலே மட்டும் விண்டோஸ் தரும் தலைப்புப் பட்டை, அதன் கீழே மெனு, அதற்கும் கீழே என் கருவிப்பட்டை என்று மூன்று அடுக்கு ஏறி உட்கார்ந்திருந்தது. அது பிடிக்காமல் ஃப்ரேம் என்ற அமைப்புக்கு ஃபால்ஸ் (வேண்டாம்) கொடுத்துச் சட்டகத்தையே எடுத்துவிட்டேன். தேடல் பெட்டி, புதிய குறிப்புப் பொத்தான், மூடு, பெரிதாக்கு எல்லாவற்றையும் ஒரே பட்டையில் நானே வரைந்தேன்.

பார்க்க நன்றாக இருக்கிறது, வேலைதான் செய்யவில்லை. சாளரத்தைப் பிடித்து நகர்த்த முடியவில்லையே என்று பட்டை முழுவதற்கும் சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) ஆப்-ரீஜன்: டிராக், அதாவது பிடித்து நகர்த்தும் இடம், என்று கொடுத்தேன். நகர்கிறது. ஆனால் அன்றிலிருந்து தேடல் பெட்டியில் கிளிக் விழவில்லை. பொத்தான்மேல் மவுஸை வைத்தால் நிறம்கூட மாறுவதில்லை. விண்டோஸ் 11இல் பெரிதாக்கும் பொத்தான்மேல் மவுஸை வைத்தால் திரையைப் பிரித்துக்கொள்ளச் சிறு கட்டங்கள் வருமே, அதையும் காணோம்.

இன்னும் இரண்டு தொல்லை உண்டு. இரண்டாவது திரையைக் கழற்றிவிட்டு செயலியைத் திறந்தால் சாளரம் எங்கோ வெளியே போய்விடுகிறது. திறக்கும்போது ஒரு நொடி வெள்ளையாக மின்னுகிறது, நான் வைத்திருப்பதோ கறுப்புத் தோற்றம். எங்கிருந்து தொடங்குவது?

சட்டகம்:

முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. மவுஸ் நகரும்போதெல்லாம் விண்டோஸ் உங்கள் சாளரத்திடம் "இந்தப் புள்ளியில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். தலைப்புப் பட்டையா, ஓரமா, பெரிதாக்கும் பொத்தானா, இல்லை வெறும் உள்ளடக்கமா? வருகிற பதிலை வைத்துத்தான் நகர்த்துவதா, அளவை மாற்றுவதா, கட்டங்களைக் காட்டுவதா என்று அது முடிவு செய்யும்.

நீங்கள் டிராக் கொடுத்த இடம் முழுவதற்கும் "இது தலைப்புப் பட்டை" என்ற பதில் போகிறது. அப்புறம் அங்கே விழும் கிளிக்கை விண்டோஸே எடுத்துக்கொள்ளும், உங்கள் பக்கத்துக்கு வந்து சேராது. நிறம் மாறாததும் அதனால்தான். வலது கிளிக் செய்து பாருங்கள், நீங்கள் எழுதிய மெனு வராமல் சாளரத்தின் மெனு வரும். பட்டைக்குள் இருக்கும் தேடல் பெட்டி, பொத்தான் ஒவ்வொன்றுக்கும் ஆப்-ரீஜன்: நோ-டிராக் கொடுங்கள், கிளிக் வந்துவிடும்.

பெரிதாக்கும் பொத்தான் கதை இதற்கு நேர் எதிர். நீங்கள் வரைந்தது உங்களுக்குப் பொத்தான், விண்டோஸுக்கு அது உள்ளடக்கத்தின் ஒரு துண்டு. "இங்கே பெரிதாக்கும் பொத்தான் இருக்கிறது" என்று யாருமே அதற்குச் சொல்லவில்லை. பிறகு கட்டம் எப்படி வரும்? சிஎஸ்எஸ்ஸில் எவ்வளவு போராடினாலும் தீராது.

ஃப்ரேம்: ஃபால்ஸை எடுத்துவிட்டு டைட்டில்பார்ஸ்டைலுக்கு ஹிட்டன் கொடுங்கள், கூடவே டைட்டில்பார்ஓவர்லேயையும் இயக்குங்கள். பட்டை மறையும், மூன்று பொத்தான்களை மட்டும் எலக்ட்ரானே உங்கள் பக்கத்தின் மேல் வரையும். அவற்றின் நிறம், குறியின் நிறம், உயரம் மூன்றையும் நீங்கள் சொல்லலாம். தோற்றம் மாறும்போது செட்டைட்டில்பார்ஓவர்லேயைக் கூப்பிட்டால் நிறமும் கூடவே மாறும்.

பழைய_திரை:

எனக்கு ஒரு சந்தேகம். எதற்கு இவ்வளவு பாடு? மெனு இடத்தை அடைப்பதுதான் குறை என்றால் ஆட்டோஹைட்மெனுபாருக்கு ட்ரூ கொடுத்தால் போதும். ஆல்ட் விசையைத் தட்டினால் மெனு வரும், இல்லாவிட்டால் மறைந்திருக்கும். மூன்று அடுக்கு இரண்டாகிவிடும். சட்டகம் அழகாக இல்லைதான், ஆனால் அது செய்யும் வேலைக்கு நாம் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

அரைக்குறிப்பு:

@பழைய_திரை நியாயமான கேள்விதான். ஆனால் குறிப்பின் தலைப்பு எழுதும் இடத்திலேயே பெரிதாக இருக்கிறது. அதையே மேலே இன்னொரு முறை காட்ட ஒரு பட்டை வேண்டுமா என்பதுதான் என் எரிச்சல்.

@சட்டகம் அற்புதம். கட்டங்கள் திரும்பி வந்துவிட்டன, தேடல் பெட்டியும் வேலை செய்கிறது. ஆனால் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. அமைப்புகள் பெட்டி திறக்கும்போது அதன் மேல்விளிம்பு பட்டையின் மேல் கொஞ்சம் ஏறி நிற்கும். அந்தப் பெட்டியை மூடும் பொத்தானை அழுத்தினால் பெட்டி மூடுவதில்லை, சாளரம் நகர்கிறது! எது மேலே நிற்க வேண்டும் என்று சொல்லும் இசட்-இன்டெக்ஸை 9999 வரை ஏற்றிப் பார்த்துவிட்டேன்.

சட்டகம்:

99999 கொடுத்தாலும் நடக்காது :) பக்கத்திலிருந்து டிராக், நோ-டிராக் இடங்களை வெறும் செவ்வகங்களாகத்தான் திரட்டிக் கொடுக்கிறார்கள். எது மேலே, எது கீழே என்ற கணக்கு அந்த வரைபடத்தில் கிடையாது. கண்ணுக்குப் பெட்டி மேலே தெரிந்தாலும் அதன் அடியில் இருக்கும் பட்டைதான் பதில் சொல்கிறது. பெட்டி முழுவதற்கும் நோ-டிராக் கொடுங்கள். தேடல் பெட்டியிலிருந்து இறங்கும் பரிந்துரைப் பட்டியல், அறிவிப்புகள் என்று பட்டையைத் தொடும் எதுவானாலும் இதே மருந்துதான்.

தலைப்பு வேண்டாம் என்றீர்களே, அங்கே ஒன்றைக் கவனியுங்கள். திரையில் காட்டாவிட்டாலும் சாளரத்துக்குத் தலைப்பு வையுங்கள், திறந்திருக்கும் குறிப்பின் பெயரோடு. ஆல்ட்-டேப் அழுத்தும்போது தெரிவது அதுதான். திரை வாசிப்பான் படிப்பதும் அதைத்தான்.

நாலு_வரி:

வெளியே போகும் சாளரத்துக்கு வருகிறேன். மூடும்போது கெட்பவுண்ட்ஸை (சாளரத்தின் இடமும் அளவும்) எடுத்துச் சேமிக்கிறீர்கள், திறக்கும்போது அதையே அப்படியே கொடுக்கிறீர்கள், சரியா? அதில் இரண்டு ஓட்டை.

ஒன்று, இல்லாத திரையின் ஆயத்தொலைவு. சேமித்த செவ்வகத்தை கெட்டிஸ்பிளேமேட்சிங்கிடம் கொடுங்கள், இப்போது இருக்கும் திரைகளில் அதற்கு மிக நெருங்கியது எது என்று சொல்லும். அந்தத் திரையின் ஒர்க்ஏரியாவுக்குள் அடங்கும்படி இடத்தையும் அளவையும் திருத்திக்கொள்ளுங்கள். பணிப்பட்டை போக மிஞ்சும் இடம்தான் ஒர்க்ஏரியா. இந்தத் திரை விவரங்களைத் தரும் ஸ்கிரீன் தொகுதியை, செயலி தயார் என்ற ரெடி நிகழ்வு வந்த பிறகுதான் தொட வேண்டும், மறக்க வேண்டாம்.

இன்னொன்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் கட்டாயம் இருக்கும். முழுதாய்ப் பெரிதாக்கிய நிலையில் மூடிவிட்டுத் திறந்து, மறுபடி சிறிதாக்கிப் பாருங்கள். சிறிதாகாது, ஏனென்றால் சேமித்து வைத்த அளவே முழுத்திரை அளவு. கெட்பவுண்ட்ஸுக்குப் பதில் கெட்நார்மல்பவுண்ட்ஸை எடுங்கள். சாளரம் எந்த நிலையில் இருந்தாலும் அது சாதாரண அளவைத்தான் தரும். பெரிதாக்கியிருந்ததா என்பதைத் தனியாக ஒரு ஆம்/இல்லை ஆகச் சேமித்தால் போதும். மூடும்போது மட்டும் சேமித்தால் செயலி நடுவில் விழும்போது எல்லாம் போய்விடும். நகர்த்தி அரை நொடி கழித்து ஒருமுறை எழுதிவிடுங்கள்.

வெள்ளை மின்னல்: ஷோவுக்கு ஃபால்ஸ் கொடுத்துச் சாளரத்தை மறைத்து வையுங்கள், பக்கம் காட்டத் தயார் என்ற ரெடி-டு-ஷோ வந்த பிறகு காட்டுங்கள். பேக்கிரவுண்ட்கலருக்கு உங்கள் கறுப்பையே கொடுங்கள்.

பிக்சல்_பூச்சி:

கேட்காததற்கும் பதில் சொல்கிறேன், மன்னிக்கவும். சாளரத்தைப் பெரிதாக்கினால் வரிகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடுகின்றனவா? எழுதும் இடத்துக்கு மேக்ஸ்-விட்த் (அதிகபட்ச அகலம்) வையுங்கள். ஆனால் 65 சிஎச் என்று ஆங்கிலக் கட்டுரைகள் சொல்வதை அப்படியே எடுக்காதீர்கள். சிஎச் என்பது 0 என்ற இலக்கத்தின் அகலம். ணை, ஞா, னௌ எல்லாம் அதைவிட மிக அகலம். நான் 65 வைத்தபோது வரிக்கு ஆறேழு சொல்தான் நின்றது, செய்தித்தாள் பத்தி மாதிரி. நீங்கள் எழுதிய குறிப்பையே திறந்து, வரிக்கு ஒன்பது பத்து சொல் வரும்வரை கூட்டுங்கள். வரி உயரத்தையும் 1.7 அளவுக்குக் கொண்டுபோங்கள். மேல்வரியின் கூ, மூ வால்கள் கீழ்வரியின் புள்ளியில் இடிக்காது.

அகல வரம்பை உள்ளே இருக்கும் பெட்டிக்குக் கொடுங்கள், உருளுவது வெளிப் பலகமாக இருக்கட்டும். மாற்றி வைத்தால் உருள்பட்டை சாளரத்தின் நடுவில் வந்து நிற்கும். உருள்பட்டைக்கு முன்பே இடம் ஒதுக்கும் ஸ்க்ரோல்பார்-கட்டர்: ஸ்டேபிளும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டும் அந்த வரியில் எழுத்தெல்லாம் ஒரு எட்டு இடப்பக்கம் நகரும். எழுதிக்கொண்டிருப்பவனுக்கு எரிச்சல் அதுதான்.

பலகங்களில், இடப்பக்க இரண்டையும் பிக்சலில் நிறுத்தி, மிச்சத்தை எழுதும் இடத்துக்கு விடுங்கள். சதவீதத்தில் வைத்தால் பெரிய திரையில் கோப்புறைப் பட்டியலும் சேர்ந்து வீங்கும். பிரிகோடு கண்ணுக்கு 1 பிக்சல் போதும், ஆனால் மவுஸ் பிடிக்க 8 பிக்சலாவது வேண்டும்.

அரைக்குறிப்பு:

எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். அமைப்புகள் பெட்டி மூடுகிறது. நாலு_வரி சொன்ன சிறிதாகாத சிக்கல் அப்படியே என்னிடமும் இருந்தது, இத்தனை நாள் எப்படிக் கண்ணில் படவில்லை என்று தெரியவில்லை. வரி அகலம் 44 இஎம்மில் (இஎம் என்பது எழுத்துரு அளவு) வந்து நின்றது.

@பழைய_திரை ஆல்ட் யோசனையையும் பாதி எடுத்துக்கொண்டேன். பட்டையில் மெனுவே இல்லை, ஆல்ட் தட்டினால் தேடல் பெட்டிக்கு அடியில் இறங்கும். அதற்கும் நோ-டிராக் கொடுத்துவிட்டேன், முதல் தடவையே.