முதுகில் போனை வைத்து அளந்து வருபவர்களுக்கு

பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸ் இருக்கிறதா என்று போனிலேயே பார்க்கும் ஆப்கள் இருப்பதால், இப்போதெல்லாம் பிள்ளையைக் காட்டும் முன்பே பெற்றோர் போனை நீட்டிவிடுகிறார்கள். “ஆப்ல 9 டிகிரி காட்டுது, பிரேஸ் போடணுமா?” வளைவு கூடாமல் தடுக்க உடம்பைச் சுற்றி அணியும் கவசம்தான் பிரேஸ்.

அந்த 9 முதுகெலும்பின் வளைவு அல்ல. பிள்ளை குனிந்து நிற்கும்போது முதுகின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட எவ்வளவு மேடாக இருக்கிறது என்ற சாய்வுதான். ஸ்கோலியோசிஸ் என்று முடிவு செய்யும் காப் கோணத்தை, அதாவது முதுகெலும்பு வளைந்திருக்கும் அளவை, எக்ஸ்ரேயில்தான் அளப்பார்கள். அது 10 டிகிரியாவது இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பயந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அப்படி வந்த ஒரு அம்மாவை, வீட்டில் செய்தது போலவே என் முன்னால் மறுபடி அளக்கச் சொன்னேன். போனை மகளின் முதுகில் அப்படியே படுக்க வைத்தார். நடுமுதுகின் எலும்பு முனையில் போன் ஆடியது, கேமரா மேடு வேறு ஒரு பக்கம் தூக்கிவிட்டது. இந்தச் சாய்வை அளக்கவென்றே இருக்கும் ஸ்கோலியோமீட்டர் கருவியில் அந்த எலும்புக்காகவே நடுவில் ஒரு பள்ளம் உண்டு, போனில் கிடையாது. முதுகெலும்புக்கு இருபுறமும் கட்டைவிரல்களை வைத்து, அவற்றின் மேல் போனை வைக்கச் சொன்னேன். 3 வந்தது. பொதுவாக 5 முதல் 7 டிகிரியாவது வந்தால்தான் டாக்டரிடம் அனுப்புவோம்.

அதற்காக ஆப்பைத் தள்ளிவிடாதீர்கள். இன்னொரு வீட்டில், இன்னும் வயதுக்கு வராத தங்கையை அக்கா அளந்தாள். எத்தனை முறை பார்த்தாலும் 8. வலி எதுவும் இல்லை, பை சுமப்பதால் தோள் சாய்ந்திருக்கிறது என்று பெரியவர்கள் விட்டுவிட்டார்களாம். பை சுமப்பதால் ஸ்கோலியோசிஸ் வராது. பெரும்பாலும் வலியும் இருக்காது, அதனால்தான் தவறிப்போகிறது. எக்ஸ்ரேயில் 28 டிகிரி. வளர்ச்சி பாக்கி இருந்ததால் டாக்டர் பிரேஸ் போடச் சொன்னார். 2013இல் வெளியான பெரிய ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியை எட்டவில்லை. போடாதவர்களில் அது 48 சதவீதம். அந்த அக்கா அளந்தது எவ்வளவு நல்ல காரியம்!

அப்புறம், போட்டோ எடுத்துக் கணக்கிடும் ஆப்களும் இருக்கின்றன. இந்த வயதில் முதுகைத் திறந்து காட்டவே கூச்சப்படுவார்கள். முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் போட்டோ வேண்டாம், குனியவைத்துக் கண்ணால் பார்த்தாலே ஓரளவு தெரியும். எடுத்தால், அந்தப் படம் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்துவிட்டு எடுங்கள்.