புதுப்பிப்பு: பெட்டி மூடியில டி ரிங் போட்டாச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்ல, பைக்கோட அலுமினிய சைடு பெட்டி மேல டென்ட்டும் பாயும் கட்டணும், மூடியில ஓட்டை போட்டு டி ரிங் (கயிறு கட்டுற D வடிவ வளையம்) மாட்டுனா மழைத்தண்ணி உள்ள இறங்குமான்னு. போட்டாச்சு மக்களே, ஒரு சொட்டு இறங்கல.

கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு பட்டறை அண்ணன்தான் செஞ்சு குடுத்தாரு. மூடிக்கு நாலு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) டி ரிங், 6 எம்எம் போல்ட்டு, தகடு மெல்லிசுங்கறதால உள்பக்கம் அகலமான வாஷர் வச்சு நைலாக் நட்டு (உள்ள நைலான் வளையம் இருக்கும், அதிர்வுல லேசுல கழலாது), வெளிய ரப்பர் வாஷர், சுத்தி சிலிக்கான். "பிசிறு இருந்தா ரப்பரை அறுத்துடும் தம்பி"ன்னு ஒவ்வொரு ஓட்டையையும் விரலால தடவிப் பாத்துட்டுதான் போல்ட்ட விட்டாரு, அந்தப் பொறுமைக்கே தனியா நன்றி சொல்லணும்.

கடலூர் உப்புக்காத்துக்கு அந்த ரப்பர் ரொம்ப முக்கியம். எஸ்எஸ்ஸும் அலுமினியமும் நேரா தொட்டு ஈரமும் உப்பும் சேந்தா அலுமினியம்தான் அரிச்சு வெள்ளையா பொடி பூக்கும். எஸ்எஸ்லயே 316 கிரேடு கிடைச்சா அதையே வாங்குங்க, 304ஐ விட உப்பைத் தாங்கும்.

விருத்தாசலம், ஆத்தூர் வழியா ஏற்காடு போய்ட்டு வந்தேன், வழியில நல்ல மழை. ஒரு பக்கம் எலாஸ்டிக் கயிறு, இன்னொரு பக்கம் பக்கிள் பட்டை கட்டிருந்தேன், கொண்டை ஊசி வளைவுல கயிறு கட்டுன பக்கம் பாய் நகந்துடுச்சு, பட்டை அசையவே இல்ல. கனமான சாமான மட்டும் மூடி மேல வைக்காதீங்க, கீல் தாங்காது, வண்டியும் வளைவுல இழுக்கும், ஸ்டவ், தண்ணியெல்லாம் பெட்டிக்குள்ள அடியிலயே இருக்கட்டும்.

அடுத்து பின்பெட்டிக்கும் ரெண்டு ரிங் போடப்போறேன்.