பித்தளை மூட்டையில் ரைபிள் தோட்டாக் கூடு, 4 கூட்டில் கேப் வெடிக்காமல் இருக்கு. எப்படிக் கழட்டுறது?

முதுநகர் காயலான்:
வணக்கம். கடலூர் முதுநகர்ல பழைய இரும்பு, பித்தளைக் கடை வச்சிருக்கேன். போன வாரம் ஒரு வீட்டைக் காலி பண்றாங்கன்னு சாமான் மொத்தமா எடை போட்டு எடுத்தேன். அண்டா, சொம்பு, குத்துவிளக்குத் தண்டுக்கு நடுவுல ஒரு பிஸ்கட் டின். உள்ள ரைபிள் தோட்டாக் கூடு 18. குண்டு இல்ல, கவுத்துப் பாத்தா மருந்தும் கொட்டல. 14 கூட்டுக்கு அடியில நடுவுல ஆணி குத்துன மாதிரி பள்ளம். மிச்சம் 4-ல பள்ளமே இல்ல, வழவழன்னு இருக்கு. கடைப் பையன் "கேப்பு வெடிக்கலண்ணே, உள்ளேருந்து கம்பி விட்டு தட்டிடலாம்"ங்கறான். வியாழக்கிழமை கும்பகோணத்துக்கு உருக்க லோடு போகுது. மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டா செத்துடுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

திருப்பாப்புலியூர் பாபு:
தீபாவளித் துப்பாக்கிக் கேப்பு மாதிரிதான் பாஸ். அப்படியே அனுப்புங்க, உலையில பட்டுன்னு வெடிச்சுத் தீந்துடும் 😄

குண்டு உப்பலவாடி எக்ஸ் சர்வீஸ்மேன்:
மேல இருக்கறதைக் கேக்காதீங்க தம்பி. பையன் கையில இருக்கற கம்பியை முதல்ல வாங்கி வைங்க.

பட்டாளத்துல காலிக் கூட்டுக்குக் கோக்கான்னு பேரு. அடியில இருக்கற வட்டத் தகடுதான் பிரைமர், உங்க பையன் சொல்ற கேப்பு. சின்னக் கிண்ணி மாதிரி இருக்கும், உள்ள கொஞ்சூண்டு வெடிமருந்து, அதுக்கு எதிர்ல ஒரு பட்டடை முனை. துப்பாக்கியோட ஃபயரிங் பின் வந்து குத்தினா நடுவுல மாட்டற மருந்து நசுங்கித் தீப்பிடிக்கும். நசுக்கினா வெடிக்கணும்னே செஞ்ச பொருள் அது. அதைச் சுத்தியால தட்டிக் கழட்டப் போறேன்னா என்ன சொல்ல? பள்ளம் இல்லாத 4-ம் உயிரோட இருக்குன்னே வச்சுக்கங்க. பள்ளம் இருக்கற 14-ம் செத்துடுச்சுன்னு நிச்சயம் இல்ல, குத்தியும் வெடிக்காம போனது இருக்கலாம்.

மருந்து 50 மில்லிகிராமுக்கும் கம்மிதான். ஆனா கிண்ணி பின்னால பறந்து வந்தா கண்ணு போகும், உள்ளங்கையில ஏறும். உலையில 900 டிகிரிக்கு மேல உருகிக் கிடக்கற பித்தளைக்குள்ள அது வெடிச்சா, தெறிக்கறது கேப்பு இல்ல, பித்தளைக் குழம்பு.

மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், தண்ணி எதையும் நம்பாதீங்க. கிண்ணி ஓரத்துல பெரும்பாலும் வார்னிஷ் மாதிரி பூசி அடைச்சிருப்பாங்க, எண்ணெய் உள்ள போறது நிச்சயமில்ல. நனைஞ்சாலும் காஞ்சதும் மறுபடி வேலை செய்யலாம். நம்ம கடல் காத்துலயே வருஷக்கணக்கா இருந்திருக்கே, செத்துச்சா?

டல்லாஸ் நெல்லிக்குப்பத்தான்:
அண்ணே, நான் டெக்சாஸ்ல இருக்கேன். இங்க தோட்டாவை வீட்லயே திரும்ப நிரப்பறது சட்டப்படி நடக்கற பொழுதுபோக்கு. புதுப் பிரைமரைக் கூட்டுல தப்பா அழுத்திட்டா உயிரோட எடுக்க வேண்டி வரும். அதுக்குக் கை நெம்புகோல் பிரஸ் இருக்கு, சுத்தியல் கிடையாது. முதல்ல குண்டையும் மருந்தையும் எடுத்துடணும், மேசையில ஒரு பொட்டு மருந்து இருக்கக் கூடாது. கண்ணாடி, காதடைப்பு போட்டு, முகத்தைத் தள்ளி வச்சு, ஒவ்வொண்ணா, வெண்ணெய்ல கத்தி இறங்கற வேகத்துல அழுத்தணும். தட்டுல விழுந்ததை உடனே அப்புறப்படுத்தணும், ஏன்னா ஒண்ணு வெடிச்சா பக்கத்துல இருக்கறதும் சேந்து வெடிக்கும். வழக்கத்துக்கு மேல இறுகினா நிறுத்திடுவேன். ராணுவக் கூட்டுல பிரைமரைச் சுத்தி விளிம்பை நசுக்கிப் பூட்டியிருப்பாங்க, களிம்பு பிடிச்சதும் இருக்கும். உயிரோட இருக்கற அந்த மாதிரிக் கூட்டை நான் தொடறதே இல்ல.

இன்னொண்ணு. உள்ள ஒரே ஓட்டை நடுவுல இருந்தா பாக்ஸர் வகை, அதுலதான் பிரைமரைத் தள்ளற பிரஸ் ஊசி நேரா இறங்கும். ரெண்டு சின்ன ஓட்டை இருந்தா பெர்டன், ஊசி அதுல இறங்காது. வேடிக்கை என்னன்னா பெர்டன் அமெரிக்காக்காரர், பாக்ஸர் இங்கிலாந்துக்காரர். அமெரிக்கா பாக்ஸரை எடுத்துக்கிச்சு, ஐரோப்பா பெர்டனை எடுத்துக்கிச்சு.

முதுநகர் காயலான்:
டார்ச் அடிச்சுப் பாத்தேன் தம்பி, ரெண்டு ஓட்டை. அடியில கே.எஃப்.னு இங்கிலீஷ்ல குத்தியிருக்கு, பக்கத்துல வருஷம் மாதிரி ரெண்டு நம்பர். அந்த பிரஸ் பாண்டியில கிடைக்குமா?

குண்டு உப்பலவாடி எக்ஸ் சர்வீஸ்மேன்:
கூட்டு வாய்ல கண்ணை வச்சா பாத்தீங்க! இனிமே தொடாதீங்கப்பா.

கே.எஃப்.னா புனே பக்கம் கிர்க்கி தொழிற்சாலை, அரசாங்கச் சரக்கு. பிரஸ் தேடவே தேடாதீங்க. 1959 ஆயுதச் சட்டத்துல அம்யூனிஷன்ங்கற சொல்லுக்குள்ள தோட்டாவோட பாகமும் அதைச் செய்யற எந்திரமும் வருது. லைசென்ஸ் இல்லாம வச்சிருக்கறதே வழக்கு. தெரியாம வந்துச்சுங்கறது இன்னைக்கு வரைக்கும்தான், நாளைக்குத் தெரிஞ்சே வச்சிருந்தீங்கன்னு ஆயிடும். 112-க்கு அடிங்க. டின்னை ஸ்டேஷனுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க, வண்டியில குலுங்கும். இருக்கற இடத்துலயே விட்டு, அந்த ரூமைப் பூட்டுங்க.

(ஊர்ப் பேர்லயே குண்டு இருக்கேன்னு கேக்காதீங்க. 1690-ல வெள்ளைக்காரன் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கினப்ப, பீரங்கிக் குண்டு விழற தூரம் வரைக்கும் அவனுதுன்னு பேச்சு. அந்தக் கணக்குல வந்த ஊர்.)

சொல்தா பேரன், புதுச்சேரி:
எங்க தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த சொல்தா. இதைப் படிச்சுக் காட்டினேன், தன் இடது கட்டைவிரலை நீட்டினார். நகத்துக்குக் கீழ பட்டாணி அளவு தழும்பு. கூட இருந்தவர் காலிக் கூட்டை சிகரெட் சாம்பல் தட்டு ஆக்கறேன்னு ஆணி வச்சுத் தட்டினாராம், இவர் பிடிச்சுக்கிட்டிருந்தாராம். "சத்தம் பெருசா இல்லடா, ஊதுபத்தி டப்பா விழுந்த மாதிரி. அப்புறம் பாத்தா ரத்தம்"னார்.

முதுநகர் காயலான்:
அப்டேட். 112-க்குப் போன் பண்ணி, ஸ்டேஷன்லேருந்து ரெண்டு பேர் வந்தாங்க. பிறகு வெடிகுண்டுப் பிரிவு ஆளு வந்து 18 கூட்டையும் மணல் போட்ட பெட்டியில எடுத்துக்கிட்டுப் போயிட்டார். அந்த வீட்டு விலாசம் கேட்டாங்க, எடைச்சீட்டு நகல் கைவசம் இருந்ததால பேச்சு சுருக்கமா முடிஞ்சுது. பித்தளைக் கணக்குல 200 கிராம் போச்சு, போகட்டும்.

உப்பலவாடி அண்ணன் சொன்னதை கும்பகோணம் உலைக்காரருக்கும் போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "மாசத்துக்கு ஒருதரம் பித்தளை உருக்கற குகையில பட்டுன்னு கேக்கும் தம்பி. நாங்க ஈரப் பித்தளைன்னு நெனச்சுக்கிட்டிருந்தோம்"னார்.